ரிவர்ஸ் போகக்கூடாத வண்டி

லாரி விற்கிற கடையில் லாரி இருக்காது. வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கம்பெனியிலிருந்து வருவது வெறும் சேஸிஸ்தான்: எஞ்சின், சக்கரங்கள், நீளமான இரும்புச் சட்டம், டிரைவர் உட்கார ஒரு பலகை. தலைக்கு மேல் கூரைகூடக் கிடையாது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எவனோ ஒருவன் அதை வடக்கிலிருந்து வெயிலிலும் மழையிலும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ப்பான். வாங்குகிறவர் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், கேபின் வைத்து, மரத்தில் பாடி கட்டி, பெயின்ட் அடித்து, நெற்றியில் பெயர் எழுதிய பிறகுதான் அது லாரி.

1992இல் செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாக லாரி ஏஜென்சி திறந்த லக்ஷ்மிநாராயணனுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அரிசி மில் நடத்தியவர். எலும்புக்கூட்டைக் காட்டி யாரிடம் வியாபாரம் செய்வது என்று கேட்டார். உலகத்தில் எல்லா ஏஜென்சியும் அப்படித்தான் செய்கிறது என்று எத்தனை பேர் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. ஒரு சேஸிஸை ஷட்டர் வழியாக ஹாலுக்குள் ஓட்டிவந்து நிறுத்தச் சொன்னார். பாடி கட்டுகிற முத்துசாமி ஆசாரியை வரவழைத்து, இங்கேயே, இந்த ஹாலுக்குள்ளேயே, ஊர் கண் படுகிற மாதிரி ஒரு முழு லாரியைக் கட்டிக்காட்டு என்றார்.

முத்துசாமிக்குப் பேச்சு குறைவு, கை தாராளம். கேபினுக்கு மேல் கேரியர் வைத்தார். கேரியருக்கு மேல் தேக்கில் ஒரு முகப்பு வைத்தார். முகப்புக்கு மேல் எதிரும் புதிருமாக இரண்டு கிளிகளைச் செதுக்கி நிறுத்தினார். கடைசி நாள் நெற்றியில் இரண்டு கண்களை எழுதி, கண்ணாடி காட்டி, கற்பூரம் ஏற்றிக் கண் திறந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெஞ்சமின் அங்கே விற்பனைக்குச் சேர்ந்திருந்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவன்தான். சேர்ந்த அன்றைக்கே லக்ஷ்மிநாராயணன் ஒரு வாக்குக் கொடுத்தார். "நீ புக் பண்ற மொத வண்டி என்னிக்கு டெலிவரி ஆவுதோ, அன்னிக்கு நீ பர்மனன்ட்." அதுவரை டிரெயினி. பெரிய நிபந்தனை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெஞ்சமின் பிடித்த முதல் பார்ட்டி திருவிடந்தை வேண்டா. வீட்டில் வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த கடுப்பில் அப்பன் அம்மா வைத்த பெயர் அது. அந்த வேண்டாதான் இப்போது கடற்கரைச் சவுக்குத் தோப்புகளைக் குத்தகை எடுத்து மரம் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஷோரூமுக்குள் வந்தவள் சேஸிஸ் எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கிளி வைத்த லாரிக்கு முன்னால் நின்று, அதன் கண்களை நேராகப் பார்த்து, "இத்த மாரி ஒண்ணு வாணாம். இதேதான் வோணும்" என்றாள். நெற்றியில் அவள் பெயர் ஏறியது.

டெலிவரி அன்று பூசணிக்காய் வந்தது, மாலை வந்தது. பெஞ்சமின் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தொழில் என்று வந்தால் அவன் பரம ஆசாரம். டிரைவர் கிளப்பினான். வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கம்பீரமாக ஷட்டரை நோக்கி நகர்ந்தது. முத்துசாமிதான் முதலில் கையைத் தூக்கினார். ஷட்டருக்கு மேலே கான்கிரீட் பீம். கிளிகளின் கழுத்து அந்தப் பீமின் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

உள்ளே போனது சேஸிஸ். வெளியே வர வேண்டியது லாரி. இத்தனை பேர் இத்தனை நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

டயர்களில் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். அப்போதும் ஒரு முழம் இடித்தது. தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். செங்கல்பட்டுத் தரையாயிற்றே, அரை அடியில் பாறை வந்தது. பீமை உடைக்கலாமென்றால் அதன் மேல்தான் லக்ஷ்மிநாராயணன் சிமென்டில் மகாலட்சுமியை உட்கார வைத்திருந்தார். கிழக்கு முகத்தில் கடப்பாரை பட்டால் குடும்பத்துக்கே ஆகாது என்று ஜோசியர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கிளியை அறுக்கலாமென்று யாரோ சொன்னபோது வேண்டா அவனைப் பார்த்த பார்வையில் அவன் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. கண் திறந்த வண்டி. அதை அறுப்பது கொலை.

கூட்டத்தில் ஒரு கொத்தனார் மட்டும், பின்பக்கம் இருப்பது ஒற்றைக்கல் சுவர்தானே, கூரையும் தகரம்தானே, அந்தப் பக்கம் உடைத்துப் பின்னாலேயே எடுத்துவிடலாமே, நிலமும் நம்முடையதுதானே என்றார். முதலில் அவர்மேல் பாய்ந்தவன் பெஞ்சமின்தான். புது வண்டியின் முதல் ஓட்டம் ரிவர்ஸில் போகலாமா? லாரித் தொழிலில் அதைவிடப் பெரிய அபசகுனம் உண்டா? எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கொத்தனார் சாந்துச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு வண்டி தருகிறேன் என்று லக்ஷ்மிநாராயணன் கெஞ்சினார். வேண்டா தொழிலுக்கென்று வேறு வண்டி வாங்கிக்கொண்டாள், ஆனால் இதை விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து, கற்பூரம் காட்டி, எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, ஹால் முழுக்கப் புகை நிரம்பியதும் திருப்தியாகத் திரும்பிப் போவாள். அவளுடைய மற்ற லாரி ஒன்று மதுராந்தகத்தில் குடை சாய்ந்தது. இன்னொன்றை மரத்தில் மோதினார்கள். "ஊர்ல எவன் லாரி ஒரு கீறல் இல்லாம கீது? எங்க, சொல்லு பாப்போம்" என்று பெஞ்சமினைக் கேட்பாள். மெல்ல மெல்ல, சேஸிஸ் வாங்க வருகிறவர்களும் முதலில் அந்த லாரியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் விலை பேச ஆரம்பித்தார்கள்.

பெஞ்சமின் எத்தனையோ வண்டி விற்றான். அத்தனையும் அந்த லாரிக்குப் பக்கமாக நெளிந்து வெளியே போயின. ஆனால் வாக்கு என்பது முதல் வண்டிக்குத்தானே? முதல் வண்டி உள்ளே நின்றது. அவன் டிரெயினியாக நின்றான்.

இதில் பிரிசில்லா எங்கே வந்தாள் என்றால், லாரி இடித்து நின்ற அந்த வருடக் கிறிஸ்துமஸ் பாட்டு ஊர்வலத்தில் வந்தாள். அவள் அப்பா ஏசுவடியான் நாகர்கோவில் பக்கத்து ஆள். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி ஆபீசில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பெஞ்சமின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய், பெண் கேட்டு அவர் முன்னால் உட்கார்ந்தான். அவர் எந்த ஊர் என்று கேட்கவில்லை, எந்தத் தெரு என்று கேட்கவில்லை. "வேல பெர்மனன்டா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கேட்க நினைத்ததையெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் மடித்து வைத்துத்தான் கேட்டார் என்பது பெஞ்சமினுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும், சீக்கிரம் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தான். லாரி வெளியே வந்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் அந்த மனிதருக்குச் சொல்ல வேறு சாக்கு இருக்காது. அவன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு முழத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

1998இல் லக்ஷ்மிநாராயணன் ஏஜென்சியை விற்றார். போகாத லாரிதான் தன் அதிர்ஷ்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அவருக்கு எண்ணம். வாங்கியவர் கேளம்பாக்கத்தில் மனை விற்றுப் பெருத்த சுப்புராமன். அந்த லாரிதான் இடத்தின் அதிர்ஷ்டமே என்று அவருக்கு எண்ணம். சுற்றிக்காட்டும்போது லக்ஷ்மிநாராயணன், இது ஆபீஸ், இது ஸ்பேர் பார்ட்ஸ், இது வண்டி, இவன் பெஞ்சமின், ரெண்டும் இங்கேயேதான் இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். டிரெயினி வாக்கும் கட்டிடத்தோடு சேர்ந்து கைமாறியது.

சுப்புராமன் பழைய கம்பெனியை விட்டுவிட்டுப் போட்டிக் கம்பெனியின் ஏஜென்சியை எடுத்தார். ஆக, ஒரு கம்பெனியின் வண்டிகளை விற்கிற ஷோரூமில் நட்டநடுவே எதிரிக் கம்பெனியின் வண்டி மாலை போட்டுக்கொண்டு நின்றது. புதுக் கம்பெனி ஆட்கள் வரும்போதெல்லாம் அதன்மேல் ஒரு கல்யாணப் பந்தல் துணியைப் போர்த்துவார்கள். கிளிகள் மட்டும் துணிக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும்.

ஆனால் பெஞ்சமினுக்கு அவர் காலத்தில் ஒரு நல்ல காரியம் நடக்க இருந்தது. சுப்புராமனுக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை, கண்ணாடியில் நம்பிக்கை. பழைய முகப்பை மகாலட்சுமியோடு இடித்துத் தள்ளி, சென்னையில் இருப்பதுபோல முழுக்கக் கண்ணாடி வைக்கப் போகிறேன் என்றார். பெஞ்சமின் அன்றைக்கே கல்பாக்கத்துக்குப் போய் இன்னும் ஒரு மாதம்தான் என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் பீம் இடிபட்டது. அவன் லீவில் இருந்தான். திரும்பி வந்தபோது புது பீம், புதுக் கண்ணாடி, எல்லாம் முடிந்திருந்தது. அகலம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. உயரம் பழைய உயரம்தான். எதை வைத்து அளந்தீர்கள் என்று என்ஜினியரைக் கேட்டான். வாசலில் நின்ற புதுச் சேஸிஸை வைத்து என்றார் அவர்.

பெஞ்சமின் அன்று லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். வெட்கமில்லாமல் அழுதான். பிரிசில்லாவிடம் போய்ச் சொன்னான். அவள் தனக்கு வந்த வரன்களையெல்லாம் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். படூரில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டன்டாகச் சேர்ந்து, அவள் வேலை எப்போதோ நிரந்தரமாகியிருந்தது.

சுப்புராமன் இடத்தை வீணாக்குகிறவர் இல்லை. லாரியின் பின்பாடியில் கார்ப்பெட் விரித்து, மேஜை நாற்காலி போட்டு, ஏசி மாட்டி மீட்டிங் ரூம் ஆக்கிவிட்டார். வேண்டா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்: செருப்போடு ஏறக்கூடாது. அதன்பிறகு அந்த ஏஜென்சியில் எல்லா முக்கியமான முடிவுகளும் ஓடாத லாரியின் மேல் வெறுங்காலோடு எடுக்கப்பட்டன.

2003இல் ஐ.டி. ஆட்களுக்கு ஃபிளாட் கட்டப் போன சுப்புராமன், ஏஜென்சியைப் பாலசுப்ரமணியனுக்கு விற்றார். இவர் அதே கல்பாக்கம் ஆபீசில் நிர்வாகப் பிரிவில் அதிகாரியாக இருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். ஏசுவடியான் அவர்கீழ் வேலை பார்த்தவர்; இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். இனி எல்லாம் விதிப்படிதான் என்று பாலசுப்ரமணியன் அறிவித்தார். வாய்மொழியாக வந்த டிரெயினி வாக்கையும் தூக்கிப் போடாமல் விதியாக்கினார்: ஊழியர் பதிவு செய்த முதல் வண்டி டெலிவரி ஆன தேதியிலிருந்து அவர் நிரந்தரம். பெஞ்சமினைக் கூப்பிட்டு, உனக்காகவே சேர்த்திருக்கிறேன் என்று அன்பாகச் சொன்னார். லாரியை வெளியே எடுப்பது பற்றி ஆராய ஒரு கமிட்டியும் போட்டார். அது மாதம் ஒருமுறை கூடியது. எங்கே கூடியது என்று சொல்ல வேண்டியதில்லை.

2007இல் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் பிரிசில்லா முன்னறிவிப்பில்லாமல் ஷோரூமுக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை; நிரந்தரமான பிறகுதான் கூட்டிவருவேன் என்று பெஞ்சமின் பிடிவாதமாக இருந்தான். காதோரம் அவளுக்கு நரைத்திருந்தது. அவனுக்கு வழுக்கையே விழுந்திருந்தது. வேண்டா அப்போதுதான் கற்பூரம் காட்டி முடித்து, கேபினில் ஏறி உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

பிரிசில்லா லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கண்களைப் பார்த்தாள், கிளிகளைப் பார்த்தாள், பீமைப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் போய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டினாள். அது டொக்கென்று கேட்டது.

"இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட யாரு இடம்?" என்றாள்.

"நம்ம எடம்தான்."

"அப்ப இத ஒடச்சிட்டு எடுக்க வேண்டியதுதானே?"

பெஞ்சமின் இத்தனை வருடம் எல்லாருக்கும் சொன்னதை அவளுக்கும் சொன்னான். புது வண்டி ரிவர்ஸில் போகக்கூடாது.

"பதினஞ்சு வருஷம் ஆச்சு பெஞ்சமின். இது எப்படிப் புது வண்டி?"

அவள் குரல் உயரவில்லை. "பர்மனன்ட் ஆகணும்னு அப்பா சொன்னாரு. முதலாளி சொன்னாரு. வண்டி எப்படிப் போகணும்னு ஊரே சொல்லிச்சு. எனக்கு என்ன வேணும்னு நீ ஒரு தடவையாவது என்னைக் கேட்டியா? வான்னா வந்திருப்பேன். முதல் வருஷமே வந்திருப்பேன்."

பெஞ்சமின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டான். அவளையும் சேர்த்துத்தான் இந்த ஹாலுக்குள் நிறுத்தி வைத்திருந்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. அழுகை வரவில்லை, அழுது முடித்தாயிற்று.

கேபினிலிருந்து வேண்டா எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றுதான் பெஞ்சமின் நினைத்தான். அவளோ வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நான் கூட காலு முந்திதான் பொறந்தேன்" என்றாள். "எங்க ஆயி செத்துட்டாளா, நான் செத்துட்டனா? பொண்ணு சொல்றது ஞாயமா கீது. ஏறு நைனா."

அவன் ஏறினான். பிரிசில்லா முன்பக்கம் ஒதுங்கியதும் ரிவர்ஸ் கியரைப் போட்டான். ஷூவோடு ஏறிவிட்டதை அவனும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

லாரி பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டியது. முதல் முட்டில் காரை உதிர்ந்தது. இரண்டாவதில் சுவர் மொத்தமாக, அதற்காகவே காத்திருந்த மாதிரி, வெளிப்பக்கம் சாய்ந்தது. தகரங்கள் சடசடவென்று கழன்று விழுந்தன. மீட்டிங் ரூமின் ஏசியும் நாற்காலிகளும் சரிந்து நொறுங்கின. கமிட்டியின் மேஜை மட்டும் ஒழுங்காகக் கீழே இறங்கி நின்றது. புழுதி அடங்கியபோது லாரி பின்பக்கத்துக் காலி நிலத்தில், வெயிலில், இரண்டு கிளிகளோடும் இரண்டு கண்களோடும் நின்றுகொண்டிருந்தது. கீறல் நிறைய விழுந்திருந்தது. வேண்டா இறங்கி ஒவ்வொரு கீறலாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பதான்டா லாரி மாரி கீது" என்றாள்.

பாலசுப்ரமணியன் ஓடிவந்தார். சுவர் போனதைவிட, எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இவனைச் சும்மா விடக்கூடாது, சஸ்பெண்ட் செய்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அவரே எழுதிய விதிப்படி டிரெயினியைச் சஸ்பெண்ட் செய்ய முடியாது. வீட்டுக்குப் போ என்று சொல்லலாம், அவ்வளவுதான். விசாரணை இல்லாமல் ஒருவனை அனுப்புவதை அதிகாரியாக வாழ்ந்த அவர் மனசாட்சி ஒப்பவில்லை. தவிர, வண்டி வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதும் உண்மை. ஆகவே முதலில் பெஞ்சமினை நிரந்தரமாக்கி ஓர் ஆர்டர் டைப் செய்யச் சொன்னார். வாழ்த்துகள் என்று கைகொடுத்தார். பிறகு, அவனை உட்காரக்கூடச் சொல்லாமல், சஸ்பெண்ட் ஆர்டரைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே பெஞ்சமின் இரண்டையும் எடுத்துக்கொண்டு பிரிசில்லாவோடு பஸ் ஏறி, ஓய்வு பெற்றுக் கல்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டியிருந்த ஏசுவடியான் முன்னால் போய் நின்றான். சட்டையில் இன்னும் செங்கல் தூள் இருந்தது.

ஏசுவடியான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நிரந்தர ஆர்டரை மேலோட்டமாகப் பார்த்துக் கீழே வைத்தார். அந்த மாதிரிக் காகிதம் எவனும் அடித்துத் தருவான் என்பது அவர் அனுபவம். சஸ்பெண்ட் ஆர்டரைத்தான் வரிவரியாகப் படித்தார். விதி எண் சரியாக இருந்தது. கையெழுத்து பாலசுப்ரமணியன் சாருடையதேதான். 

"சஸ்பெண்டுல்லா பண்ணியிருக்காரு" என்றார் கடைசியில். "அப்பம் நெசமாவே பெர்மனன்டுதான்."

அந்தக் கேள்விக்குள் அவர் மடித்து வைத்திருந்த மற்றதையெல்லாம் இப்போது வெளியே எடுத்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வயதாகிவிட்டது, அல்லது மகள் எதிரே நின்று அவரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, நல்ல நாள் பார்ப்போம் என்று முனகினார். பாஸ்டரிடம் பேசுவதாகவும் சொன்னார்.

பெஞ்சமின் அவருக்கு நன்றி சொல்லவில்லை. திரும்பி, பிரிசில்லாவைப் பார்த்தான். எத்தனை பேருக்கு வண்டி விற்ற வாய்.

"ஒனக்கு இஷ்டமா?" என்று கேட்டான்.

அவள் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அவள் விடவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். "நீ பதினஞ்சு வருஷம் எடுத்துக்கிட்ட. எனக்குக் காபி போடற நேரமாவது குடு." சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பு பற்றும் சத்தமும் பாத்திரம் வைக்கிற சத்தமும் கேட்டன.

பெஞ்சமின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஏசுவடியான் ஏதோ விசாரணைக் கமிட்டி பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் அவன் காதில் விழவில்லை. இத்தனை வருடமும் லாரிக்காகக் காத்திருந்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்காகக் காத்திருந்தான்.